நீ அனுப்பின மூளைப் பொடி

கண்ணு,

நீ அனுப்பின அடுத்த பொடி டப்பா நேற்று கொரியரில் வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் பிரிட்ஜ் மேலே வைத்திருக்கிறேன். வாங்கினது நான்தான் என்பது எனக்கு நினைவிருக்கிறது, அதனால் உடனே பதறிக்கொண்டு உங்கம்மாவுக்குப் போன் போடாதே. இதையெல்லாம் போனில் பேச முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் நீ கேள்வி கேட்பாய், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதில் அந்தத் தொந்தரவு இல்லை. பத்தாவதை ஒரு தரம் கோட்டை விட்டு மறுதரம் எழுதிப் பாஸ் பண்ணினவன் எழுதுகிற கடிதம் இது. எழுத்துப் பிழை இருந்தால் வியாதியால் வந்தது என்று நினைக்காதே, அது முன்னாலேயே இருந்தது. விஷயம் ஒன்றுதான். உன் கல்யாணத்துக்கு முன்னால் என் நிலைமையை, நீ கட்டிக்கொள்ளப்போகிற காவ்யாவிடம் நீயே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் எழுதி மடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் நீ கேட்கமாட்டாய், என் மகனல்லவா? அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துப் படி.

அந்த நீல பனியன் கதையை உன்னிடம் சிரிப்பாகச் சொன்னேனே தவிர முழுதாகச் சொல்லவில்லை. பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் வேலையில் கத்தி பிடிப்பது பெரிய விஷயமே இல்லை. சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணி ஒவ்வொரு லாட்டும், ஒவ்வொரு தடவை சாயம் போடுகிறதும், கொஞ்சமாவது நிறம் மாறித்தான் வரும். ஒரு லாட்டில் வெட்டின உடம்புக்கு அதே லாட்டில் வெட்டின கைதான் சேர வேண்டும். அது மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் மாஸ்டர் என்று ஒருத்தனை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். உன் வயசைவிடக் கூடுதலான வருசம் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டு லாட்டையும் ஒரே மேசையில் விரித்து வெட்டிவிட்டேன். அப்போதும் அடுக்குக்கு அடுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஒரே லாட்டுதான், நம்பர் வேண்டாம் என்று நானே சொல்லித் தையலுக்கு அனுப்பிவிட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தைத்து முடித்து, செக்கிங்கில் ஒரு பெண் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தபோது உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம்.

என்னோடு மேசையில் துணி விரிக்கிற செல்வராஜ், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், உனக்குத் தெரியுமே, அவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். “அண்ணே, காலைல ரெண்டு லாட்டுன்னு நீங்கதான சொன்னிய? பொறவு நான் கேக்கையில ஒண்ணுதாம்னுட்டிய.” நான் சத்தமாக, “வயசாகுதப்பா, இப்பெல்லாம் எல்லா நீலமும் ஒரே நீலமாத் தெரியுது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காலையில் நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை என்பதை அந்தச் சிரிப்புக்குள் ஒளித்துவிட்டேன். முதலாளி திட்டவில்லை. “மாஸ்டர், கொஞ்ச நாளைக்கு நீங்க செக்கிங் மேசைல உக்காருங்க. நின்னு நின்னு காலு வலிக்குமில்லீங்க” என்றார். நம்மூர் மரியாதையில் இதுதான் கஷ்டம். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். இப்படிப் பதமாகப் பேசிக் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டால் என்ன சொல்வது?

அப்போதுதான் நீ முதல் டப்பாவை அனுப்பினாய். “மூளைல ஒரு செல்லு இன்னொண்ணுகிட்டப் பேசறதுக்கு இந்த அமினோ ஆசிட் வேணுங்கப்பா. ராத்திரி வேலை இருக்கறப்ப நானே சாப்பிடறேன். போகஸ் சும்மா கத்தி மாதிரி நிக்கும்” என்றாய். கத்தியைப் பறிகொடுத்தவனிடம் கத்தி மாதிரி நிற்கும் என்று சொன்னால் ஆசை வராதா? உங்கம்மாதான் பயந்தாள். “ஏனுங், ஆசிட்டுங்கறானே, கக்கூசுக்கு ஊத்தறதில்லீங்களா அது?” நான் பெரிய படிப்பாளி மாதிரி, “பருப்புலயும் முட்டைலயும் இருக்கறதுதான், அதைத் தனியாப் பிரிச்சு டப்பால அடைச்சிருக்காங்க” என்று நீ சொன்னதையே அவளிடம் ஒப்பித்தேன். ஒரு கரண்டி மோரில் கலக்கிக் குடித்துப் பார்த்தேன். சாயப்பட்டறை ஓரமாகப் போகும்போது ஒரு வாடை வருமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ராகிக் கூழில் கலந்தேன், கூழ் கெட்டது. ஆனாலும் விடவில்லை. மகன் அனுப்பினது, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நன்றாகத்தான் இருந்தது. பொடியால் இருந்ததா, நீ என்னைப் பற்றி யோசித்தாயே என்ற சந்தோஷத்தால் இருந்ததா, தெரியாது. கம்பெனிக்கு எதிரில் பேக்கரி வைத்திருக்கிற தங்கவேலுவிடம் போய், நம் சொந்தக்காரர்களின் போன் நம்பரையெல்லாம் பார்க்காமல் சொல்லிக் காட்டினேன். “எனக்கும் ஒரு டப்பா சொல்லுங்க மாஸ்டர், பொண்டாட்டி பொறந்தநாளை மறந்துபோட்டு வருசா வருசம் வாங்கிக் கட்டிக்கறேன்” என்றான். அவனுக்கும் அனுப்பச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் கோளாறு ஆரம்பித்துவிட்டது. காலையில் குடித்துவிட்டுக் குளிக்கப் போவேன். வந்து பார்த்தால் குடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கரண்டி. கம்பெனிக்குக் கிளம்பும்போது மறுபடி சந்தேகம், மறுபடி ஒரு கரண்டி. நினைவுக்காகச் சாப்பிடுகிற பொடியைச் சாப்பிட்டோமா என்பதே நினைவில்லை. இதைவிடப் பெரிய நகைச்சுவை என் வாழ்க்கையில் எனக்கு அமையாது. ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, தூக்கம் வராமல், காரணமில்லாமல் உங்கம்மா மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்த அந்த நாட்களில் இதற்குச் சிரிக்க யாரும் இல்லை. டப்பா சீக்கிரம் காலியாவதைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். அதை நகையோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டி, தினமும் தன் கையால் அளந்து கொடுக்க ஆரம்பித்தாள்.

இனிமேல் சொல்லப்போவதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ கூப்பிடுவாய். எடுத்ததும், “ஏனுங்கப்பா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? யாரு வந்திருந்தாங்க?” என்று கேட்பாய். சும்மா கேட்பது மாதிரி கேட்பாய், ஆனால் அது பரீட்சை என்று எனக்குத் தெரியும். எனக்குப் பரீட்சை ராசி இல்லை என்பதும் தெரியும். அதனால் உங்கம்மா போனுக்குப் பின்னால், உன் கண்ணில் படாத இடத்தில் நின்றுகொள்வாள். சப்பாத்தி என்றால் இரண்டு கையையும் தட்டுவாள். தோசை என்றால் விரலால் வட்டம் போடுவாள். நான் பார்த்துப் பார்த்துச் சொல்வேன். ஒரு தரம் அவள் பணியாரத்துக்கு ஜாடை காட்டினாள், நான் முட்டை என்றேன். “புரட்டாசிச் சனிக்கெழமை முட்டையா?” என்று கேட்டு நீ சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். போனை வைத்த பிறகு அவள் சமையல்கட்டுக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. மற்ற வாரமெல்லாம் நான் சரியாகச் சொன்னேன். “பாத்தீங்களா, பொடி வேலை செய்யுது” என்று நீ அடுத்த டப்பாவுக்கு ஆர்டர் போட்டாய். உங்கம்மாவின் கை ஜாடையைத்தான் நீ பொடியின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தாய், கண்ணு. அவள் எத்தனையோ தரம் சொன்னாள், “ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு வந்தரலாங்க” என்று. “பையன் அனுப்பினதை மொதல்ல தின்னு முடிச்சர்றேன்” என்பேன். பொடி என்னைக் கெடுத்தது என்று சொல்லமாட்டேன். நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதுதான் கெடுத்தது.

பிறகு உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. முறைப்படி முதலில் சேவூர்த் தோட்டத்துக்கு, உன் பெரிய அத்தை ஊட்டுக்குப் போனோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. நானும் உங்கம்மாவும் ஜோடியாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன். “ஏனக்கா, மச்சான் எங்க? தண்ணி உடப் போயிட்டாரா? அவரும் வரட்டும், சேர்ந்து நின்னு வாங்குங்க.” உன் பெரிய மாமா போன வருசம் ஆடியில் இறந்தார். நீ லீவு போட்டு வந்திருந்தாய். பாடை தூக்கினவர்களில் நான் ஒருத்தன். நான் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற இடத்துக்கு நேர் மேலே அவர் படம் மாலை போட்டு மாட்டியிருந்ததாம். உங்கம்மா அவசரமாக, “இவருக்குச் சர்க்கரை கொறைஞ்சு போச்சுங்க நங்கையா” என்று நாத்தனாரிடம் என்னவோ சொல்லி மூடப் பார்த்தாள். அத்தை அவளைக் கையமர்த்திவிட்டு, என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். “ஆமா தம்பி, தண்ணி உடத்தான் போயிருக்காரு. வர நேரமாகும். நீ உக்காந்து சாப்பிடு சாமி” என்றாள். நான் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். ரசம் இரண்டாம் தரம் வாங்கினேன் என்று உங்கம்மா சொல்கிறாள்.

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டினதும் பஸ்ஸில் அவள் என்னிடம் சொன்னாள். புதிதாக அந்தச் செய்தியைக் கேட்கிறவன் எப்படி அழுவானோ அப்படி அழுதேன். முன்னால் இருந்த வடக்கத்திப் பையன் எழுந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். ஒரே மனிதனின் சாவுக்கு இரண்டு தரம் அழுகிற வியாதி இது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இன்னும் எத்தனை தரம் யார் யாருக்கு என்று யோசித்தபோது உங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். திருப்பூர் வருகிற வரைக்கும் விடவில்லை.

அதற்கப்புறம்தான் கோயமுத்தூரில் டாக்டரைப் பார்த்தது. கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் அருமையாகப் போட்டேன், கட்டிங் மாஸ்டர் போட்ட வட்டமல்லவா? எண்கள்தான் எல்லாம் ஒரே பக்கத்தில் போய் நெருக்கிக்கொண்டு நின்றன, சாயங்காலம் டவுன் பஸ் படிக்கட்டு மாதிரி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளை சுருங்குகிற மறதி நோய் என்றார். மாத்திரை கொஞ்ச காலத்துக்குத் தாங்கிப் பிடிக்கலாம், போனது திரும்பி வராது, போகிறது நிற்காது என்றார். உங்கம்மா பையிலிருந்து உன் டப்பாவை எடுத்து வைத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் படித்தார். “இது மருந்தில்லீங்க. தூக்கம் கெட்டுக் களைச்சவங்களுக்கு இதுல கொஞ்சம் முழிப்பு வரலாம், வராமலும் போகலாம். இந்த நோயை இது திருப்பாது. நீங்க பிரஷர் மாத்திரை வேற சாப்பிடறீங்க, கேக்காம இதையெல்லாம் தொடவே கூடாதுங்க” என்றார். பிறகு, “ஏனுங்க இத்தனை நாளு கழிச்சு வர்றீங்க?” என்று கேட்டார். உங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் உன்னிடம் போனில் சொன்னேன். நீ ஒரே மூச்சில் பேசினாய். “கல்யாணம் முடியற வரைக்கும் வெளிய சொல்ல வேண்டாங்கப்பா. காவ்யா ஊட்டுல தெரிஞ்சா பரம்பரை வியாதி அது இதும்பாங்க. இதைவிட நல்ல பொடி ஒண்ணு இருக்குது, நான் அனுப்பறேன்.” எனக்குக் கோபம் வரவில்லை. அது பயந்தவன் பேச்சு. அந்தப் பயம் நான் உனக்குக் கொடுத்த சொத்து. உன் வயசில் நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் யோசித்துப் பார். அந்தப் பெண் தாலி கட்டிக்கொண்டு இந்த ஊட்டுக்குள் வருவாள். ஒரு நாள் காலையில் நான் அவளைப் பார்த்து, “யாருங்க நீங்க?” என்று கேட்பேன். அவள் பயந்துபோய் உன்னிடம் வந்து, “உங்களுக்கு இது எப்பத் தெரியும்?” என்பாள். அதற்கு நீ சொல்லப்போகிற பதில் எனக்கு இப்போதே கேட்கிறது. கேட்க நன்றாக இல்லை. டியூப்லைட்டில் ஒரே நீலமாகத் தெரிந்ததெல்லாம் ஒரு நாள் வாசலுக்கு வரத்தான் போகிறது. தைத்து முடித்த பிறகு தெரிவதைவிட, வெட்டுவதற்கு முன்னால் தெரிவது நல்லது. கட்டிங் மாஸ்டர் வேறு என்ன உதாரணம் சொல்வான்?

நீ சொல்லமாட்டாய் என்று தோன்றியதால் நானே போய்ச் சொன்னேன். கோபப்படாதே. காவ்யாவின் எக்ஸ்போர்ட் ஆபீஸ் அருள்புரத்தில் எங்கள் கம்பெனிக்கு அடுத்த வீதிதானே? நாலு மணிக்குத் தங்கவேலு பேக்கரிக்கு டீ குடிக்க வருவாள். நேற்று, டப்பா வந்த அதே நாள், போய் எதிரில் உட்கார்ந்தேன். “அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நீல பனியன், அத்தை ஊடு, டாக்டர் சொன்னது எல்லாம். அவள் டீயைத் தொடவேயில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. “அவருக்குத் தெரியுமாங்க மாமா?” என்றாள். “தெரியுங் கண்ணு. உங்கிட்டச் சொல்லப் பயப்படறான்.” “சொல்லுவாருங்க மாமா. அவரா சொல்ற வரைக்கும் நான் பொறுத்திருக்கறேன். நீங்க இதை நெனைச்சு வெசனப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனாள். மலையை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது எனக்கு. தேங்காய் பன் ஒன்று சொன்னேன்.

தங்கவேலு பன்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றான். “மாஸ்டர், தப்பா நெனைச்சுக்காதீங்க” என்றான். “என்னப்பா?” “இதையே அந்த அம்மிணிகிட்ட நீங்க மூணாவது வாட்டி சொல்றீங்க.” நான் அவன் கிண்டல் பண்ணுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. “மாசப் பொறப்புல ஒருக்கா வந்து சொன்னீங்க. போன வாரம் மழை பேஞ்ச அன்னிக்கு ஒருக்கா. இதே மேசைலதான்.” “அந்தப் புள்ள ஒண்ணுஞ் சொல்லலியா?” என்றேன். “இல்லீங்க. ஒவ்வொரு வாட்டியும் மொதல் வாட்டி கேக்கற மாதிரியே கேட்டுச்சு. ஒவ்வொரு வாட்டியும் டீ ஆறிப்போச்சு. நாந்தான் எடுத்துக் கொட்டறேன்” என்றான்.

அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று பன்னைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். மறந்துபோவதற்குள் அவன் சொன்னதை ஒரு சீட்டில் குறித்து வைத்தேன், அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு ஒரு மாசமாகத் தெரியும். தினமும் உன்னோடு போனில் பேசுகிறாள். ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லுவாரா என்று பார்த்துவிட்டுப் போனை வைத்திருப்பாள். நீ என் பொடியைப் பற்றியும் மண்டப அலங்காரத்தைப் பற்றியும் பேசியிருப்பாய். அவள் அதற்கும் உம் கொட்டியிருப்பாள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பரீட்சை வைக்காதே. வந்தால், “அப்பா, நான் உங்க பையன் வந்திருக்கறேன்” என்று நீயே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார். நேற்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்பதற்குப் பதிலாக இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேள், அது எனக்கு எப்போதும் தெரியும். கல்யாணத்தன்று செல்வராஜை என் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். “அண்ணே, வாரவுக எல்லாருக்கும் ஒரு கும்பிடு மட்டும் போடுங்க, பேரெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்று இப்போதே தைரியம் சொல்கிறான். அந்தப் பொடியை நீயும் ராத்திரி ராத்திரியாகக் கரைத்துக் குடித்துக்கொண்டு முழித்திருக்காதே. தூங்கு. பிரிட்ஜ் மேலே இருக்கிற டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேள். உங்கம்மாவைப் பார்த்துக்கொள். எனக்காவது மறந்துபோகும். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் நான் மறுபடி அந்தப் பேக்கரிக்குப் போய், “அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்று உட்கார்ந்திருப்பேன். தடுக்க என்னால் ஆகாது. அவளிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன் என்பதுதான் அப்போது எனக்கு நினைவிருக்காதே. நீ சீக்கிரம் சொல்லிவிடு. எப்படி ஆரம்பிப்பது என்று பயப்படாதே. நீ சொல்லும்போதும் அவள் முதல் தடவை கேட்கிற மாதிரியேதான் கேட்பாள். அதில் அவளை நான் நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறேன்.

அப்பா